பரோக் இசை: கேட்கத் தொடங்குவார்க்கு

மேனாட்டுச் செவ்விசையைக் கேட்டுப் பழக விரும்பும் நம்மவர் பலர், எங்கே தொடங்குவது என்று அறியாமல் வாயிலிலேயே நின்று திரும்பிவிடுகின்றனர். அவர்களுக்குப் பரோக் இசையே தக்க வாயில் என்பது என் துணிபு. அஃது ஏன் என்பதையும், எந்த ஒலிப்பதிவுகளை எந்த முறையில் கேட்டால் செவி பழகும் என்பதையும் இப்பேச்சில் கூற முற்படுகிறேன்.

'பரோக்' என்னும் சொல், ஒழுங்கற்ற வடிவுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். பின்வந்த தலைமுறையினர் முன்னோர்தம் கலையை, 'அணி மிகுந்தது, நெளிவு மிகுந்தது' என்று இகழ்ந்து இட்ட பெயர் அது. இகழ்ச்சி நாளடைவில் தேய்ந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் தோன்றிய இசைக்கு அது பொதுப்பெயர். 1607-ஆம் ஆண்டில் இத்தாலியின் மாந்துவா நகரில் அரங்கேறிய மாண்டெவெர்டியின் 'ஓர்ஃபேயோ' என்னும் இசை நாடகம் அக்காலத்தின் தொடக்கத்தில் நிற்கிறது. 1750-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோஹான் செபாஸ்டியன் பாக் மறைந்ததை அதன் முடிவாகக் கொள்வது வழக்கம். பாக், ஹாண்டல், டொமெனிக்கோ ஸ்கார்லாட்டி ஆகிய மூவரும் 1685 என்னும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். நம் சங்கீத மும்மூர்த்திகள் திருவாரூர் என்னும் ஒரே ஊரில் பிறந்தார்கள். அவர்கள் ஓராண்டில் பிறந்தார்கள். ஹாண்டல் பிறந்த ஹாலே நகரம் நமக்கு முற்றிலும் அயலான ஊரும் அன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று அச்சுக்கூடம் நிறுவிய சீகன்பால்கு ஐயர் பயின்றது அந்த ஹாலேயில்தான்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதற்பாடமாகச் சொல்லித்தரப்பட்டது, 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்பது. இசை கேட்பதற்கும் அந்நெறி பொருந்தும். கருநாடக இசையில் ஓரளவேனும் பழகிய செவிக்குத் தெரிந்தவை எவை? தாளத்தின் ஒழுங்கு தெரியும். ஒரு பாட்டு முழுவதும் ஒரே இராகத்தின் உணர்ச்சி நிலவுவது தெரியும். வித்துவான் தம் கற்பனையால் அணி சேர்ப்பது தெரியும். இம்மூன்றும் பரோக் இசையில் உள்ளன. அதன் விரைவான பகுதிகளில் தாளம் கடிகாரம்போல் தவறாது நடக்கும். பிற்கால மேனாட்டு இசையிற்போல நின்றும் விரைந்தும் தடுமாறச் செய்யாது. ஒரு பகுதிக்கு ஒரு மெய்ப்பாடு என்பதே அக்காலத்தார் கொள்கை. உவகையில் தொடங்கியது பெரும்பாலும் உவகையிலேயே முடியும். அழுகையில் தொடங்கியது அழுகையிலேயே முடியும். மெதுவான பகுதிகளில் ஆசிரியர் எழுதியது வெறும் எலும்புக்கூடாகவே இருப்பதுண்டு. அதற்குத் தசையும் தோலும் அளிப்பது வாசிப்பவரின் கடமையாகக் கருதப்பட்டது. ஹார்ப்சிகார்ட் வாசிப்பவருக்கு அடிச்சுரங்களும் அவற்றின்மேல் சில எண்களும் மட்டுமே எழுதித் தரப்படும். எஞ்சியதை அவர் அவ்வப்போது கற்பனையால் நிரப்ப வேண்டும். நம் மனோதர்மத்தோடு இதற்கு உறவு கற்பிக்கலாம். ஆனால் தனியாக ஓர் இராக ஆலாபனையை அங்கே எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

சுரங்களும் புதியன அல்ல. அவர்கள் 'மேஜர்' என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்களே. 'மைனர்' என்பது நடபைரவியின் சுரங்களோடும், சில இடங்களில் கீரவாணியின் சுரங்களோடும் ஒத்திருக்கும். கமகம் இன்மையால் அவை நமக்கு முதலில் மொட்டையாகத் தோன்றும். அது சில நாளில் மறையும்.

தெரியாதது ஒன்று உண்டு. அஃதே பெரிது. நம் இசை ஒரு நூலிழை. அவர்கள் இசை பல இழைகள் பாவும் ஊடுமாகச் சேர்ந்த துணி. எங்கள் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த நண்பர் ஒருவர் இசையில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். சபைக் கச்சேரிகளில் ஒன்றும் தவறவிடாதவர். பாக் இயற்றிய 'ஃபியூக்' ஒன்றை அவருக்கு யாரோ கேட்கக் கொடுத்தார்கள். பொறுமையோடு முடிவுவரை கேட்டுவிட்டு, "ஐயா, நால்வர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யார் பேச்சை நான் கேட்பது?" என்றார். அதனைவிடச் சரியான கேள்வி இல்லை. ஆனால் அதற்கு விடை கூறுவார் எவரும் அப்பொழுது அருகில் இல்லை. அவரும் 'இது நமக்கு ஆகாது' என்று ஒதுக்கிவிட்டார். பல ஆண்டு சென்றபின், கண்ணொளி மங்கி நூல்களைப் படிக்க இயலாத நிலை அவருக்கு வந்தது. படிப்பையே உணவாகக் கொண்டவருக்கு நாள் எவ்வளவு நீளமாகிவிடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. செவி ஒன்றே அவருக்கு எஞ்சியிருந்தது. அவர் பொருட்டு வகுத்துக்கொண்ட முறையையே இங்கே சொல்கிறேன். அவர் இப்பொழுது அந்த நால்வரின் பேச்சையும் கேட்கிறார். யார் எப்பொழுது இடைமறிக்கிறார் என்று எனக்கே சுட்டிக்காட்டுகிறார்.

முறை எளிது. மிகச் சிறிய பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனை மூன்று முறை கேட்க வேண்டும். அவ்வளவே. அதற்குத் தக்க பகுதி, அந்தோனியோ விவால்டியின் 'நான்கு பருவங்கள்' என்னும் தொகுதியில் குளிர்காலத்தின் நடுப்பகுதி. 'லார்கோ' என்று குறித்திருப்பார்கள்; மிக மெதுவான நடை என்பது பொருள். இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் கூடக்குறைய நிகழும். வெளியே மழை பெய்கிறது. உள்ளே நெருப்பின் அருகில் ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கிறார். காட்சி இவ்வளவே.

முதன்முறை கேட்கையில் தனி வயலின் பாடும் பாட்டை மட்டும் பின்தொடர்க. அது நமக்கு மிகப் பழக்கமான செயல், இடர்ப்பாடு இராது. இரண்டாம் முறை, அந்தப் பாட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பிற வயலின்கள் வில்லை விலக்கி விரலால் சுண்டும் ஒலியைக் கேட்க. அதுவே மழைத்துளி. மூன்றாம் முறை, எல்லாவற்றிற்கும் அடியில் ஓடும் கனத்த நரம்பின் ஒலியைத் தேடுக. நடுவில் வயோலா என்னும் கருவி நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அப்பொழுது புலப்படும். நான்காம் முறை கேட்கும்போது ஒன்றையும் தேட வேண்டா. எல்லாம் தாமே ஒருங்கே வந்து சேரும். 'பல இழை' என்பதன் பொருள் அந்த இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். அதனை எந்த நூலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அடிநாதத்தைப் பற்றி ஒரு சொல். நம் தம்பூரா ஓரிடத்தில் நின்று ஒலிக்கும். பரோக் இசையின் அடிநாதமோ நடந்துகொண்டே இருக்கும். செல்லோ போன்ற கனத்த கருவி ஒன்றும், ஹார்ப்சிகார்ட் அல்லது ஆர்கனும் சேர்ந்து அதனை வாசிக்கும். மேலே பாட்டு எதுவாயினும், அதன் நிறத்தை மாற்றுவது கீழே நடக்கும் இந்தக் கால்களே. இக்காரணத்தால் ஒரு நடைமுறை எச்சரிக்கை கூற வேண்டியிருக்கிறது. இன்று கைப்பேசியில் இவ்விசை முழுவதும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் கைப்பேசியின் சிறிய ஒலிவாய் தாழ்ந்த சுரங்களைச் சரிவரத் தராது. அதன் வழியே பரோக் இசையைக் கேட்பது, மிருதங்கத்தில் தொப்பியை விட்டு வலந்தலையை மட்டும் கேட்பது போலாகும். காதில் அணியும் நல்ல கருவியோ, ஓரளவு பெரிய ஒலிபெருக்கியோ வேண்டும். விலை உயர்ந்தது வேண்டுமென்பதில்லை.

நடுப்பகுதி பழகியபின் 'நான்கு பருவங்கள்' முழுவதையும் கேட்கலாம். நான்கு இசைக்கோவைகள், ஒவ்வொன்றும் விரைவு, மெதுவு, விரைவு என்று மூன்று பகுதிகளை உடையது, எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 40 நிமிடம். வசந்தமும் இலையுதிர் காலமும் மேஜரில் அமைந்தவை; கோடையும் குளிரும் மைனரில் அமைந்தவை. இத்தாலியருக்கும் கோடை துன்பமே என்பதை நம்மவர் உடனே உணர்வர். இவை 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியபோது ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு பாடல் சேர்த்து அச்சிடப்பட்டது. அதில் சொல்லப்படும் பறவை, ஓடை, இடி எல்லாம் இசையில் அந்தந்த இடத்தில் வரும். வசந்தத்தின் நடுப்பகுதியில் ஆட்டிடையன் உறங்குகிறான். தனி வயலின் அவன் உறக்கம். வயோலா விடாமல் இரண்டிரண்டு சுரமாக முரட்டுத்தனமாய் இடிக்கும். அது அவனுடைய நாய் குரைப்பது. குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் இவ்விடத்தை விட்டுவிடலாகாது.

விரைவான பகுதிகளில் குழு முழுவதும் சேர்ந்து வாசிக்கும் ஒரு கருத்து அடிக்கடி திரும்பி வரும். இடையிடையே தனி வயலின் தன் திறமையைக் காட்டும். இதனைப் பல்லவி திரும்புவதாகவே எண்ணிக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் பல்லவி எப்பொழுதும் அதே சுருதியில் திரும்பும். அங்கே, பாட்டின் நடுவே யாரோ சுருதிப்பெட்டியின் கட்டையை மாற்றிவிட்டாற்போல, வேறொரு நிலையில் திரும்பும். பிறகு எங்கெங்கோ சென்று, இறுதியில் பழைய கட்டைக்கே வந்து அமரும். வீட்டை விட்டுச் சென்றவர் வீடு திரும்பும் அந்த நிறைவே இவ்விசையின் இன்பங்களுள் தலையாயது.

விவால்டியின் வரலாற்றில் நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1678-இல் வெனிசில் பிறந்து, பாதிரியாராகி, அந்நகரின் 'பியேத்தா' என்னும் ஆதரவற்ற பெண்கள் இல்லத்தில் இசை கற்பித்தவர் அவர். 1741-இல் வியன்னாவில் மறைந்தார். மறைந்தபின் ஏறத்தாழ முழுமையாக மறக்கப்பட்டார். 1920-களில் இத்தாலியில் ஒரு சமயப் பள்ளியிடமிருந்து அவருடைய கையெழுத்துச் சுவடிகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. டுரின் நகர நூலகத்திற்கு அவற்றை வாங்கிக்கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது. குழந்தையை இழந்த ஒரு தந்தை ஒரு பகுதியை வாங்கித் தந்தார். எஞ்சிய பகுதி வேறிடத்தில் கிடைத்தபோது, அவ்வாறே மகனை இழந்த மற்றொரு தந்தை அதனை வாங்கித் தந்தார். இன்றும் அத்தொகுதிகள் மௌரோ ஃபோவா, ரென்சோ ஜோர்தானோ என்று அந்தக் குழந்தைகளின் பெயராலேயே வழங்குகின்றன. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த நாட்டில் பிறந்த நமக்கு இச்செய்தியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

அடுத்த படி, இரு குரல். பாக் இயற்றிய, இரண்டு வயலின்களுக்கான டி மைனர் இசைக்கோவையின் நடுப்பகுதியை இதற்குக் கொள்க. முதலில் இரண்டாம் வயலின் ஒரு கருத்தைத் தொடங்கும். அது முடியுமுன் முதல் வயலின் அதே கருத்தைப் பஞ்சம உயரத்தில் தொடங்கும். முன்னது நிற்காது, வேறொன்றைச் சொல்லிக்கொண்டே துணை வரும். நம் இரட்டை நாகசுரத்தில் இருவரும் ஒன்றையே வாசிப்பர், அல்லது மாறிமாறி வாசிப்பர். இங்கே இருவரும் வெவ்வேறானவற்றை ஒரே காலத்தில் கூறியும் பூசல் விளையவில்லை. எழுபது வயதுக் கணவனும் மனைவியும் மாலையில் திண்ணையில் அமர்ந்து பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இதற்கு 1932-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று உண்டு. வாசித்தவர்கள் 16 வயது நிரம்பிய யெஹூதி மெனுஹினும், அவருடைய ஆசிரியர் ஜார்ஜ் எனெஸ்குவும். பதிவு பழையது, ஒலி மங்கல். எனினும் மாணவனும் ஆசிரியனும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்து வாசிக்கும் அழகுக்காக அதனை நான் முதலில் வைப்பேன். தெளிந்த ஒலி வேண்டுவோர்க்குத் தந்தையும் மகனுமான டேவிட் ஓய்ஸ்ட்ராக், ஈகோர் ஓய்ஸ்ட்ராக் பதிவு இருக்கிறது.

இரு குரல் கைவந்தபின் பலகுரல் அச்சமூட்டாது. பாக் 1721-இல் பிராண்டன்பர்க் கோமகனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு இசைக்கோவைகளுக்குச் செல்லலாம். ஐந்தாவதில் தொடங்குவது நன்று. அதில் குழல், வயலின், ஹார்ப்சிகார்ட் மூன்றும் முன்னிற்கும். ஹார்ப்சிகார்ட் என்பது விசைப்பலகை உடையதாயினும் பியானோ அன்று. பியானோவில் சிறு சுத்தியல் நரம்பைத் தட்டும். இதில் இறகின் முனை நரம்பைச் சுண்டும். ஆதலின் விரலை அழுத்தியோ மென்மையாகத் தொட்டோ ஓசையைப் பெருக்கவும் குறைக்கவும் இயலாது. வீணையின் மீட்டொலியை நினைவூட்டும் அந்த ஒலி, குழு இசையில் பெரும்பாலும் பிறர் பாட்டுக்குப் பக்கவாத்தியமாகவே இருந்து வந்தது. ஐந்தாம் கோவையின் முதற்பகுதியில் அது சிறிது சிறிதாகத் தலைதூக்கும். பிறர் ஒவ்வொருவராக அடங்குவர். இறுதியில் அது மட்டும் தனித்து நின்று மூன்று நிமிட அளவு பொழிந்து தள்ளும். நம் சபைகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே செல்பவர்கள் உண்டு. இந்த இடத்தில் எழுந்து செல்ல ஒருவராலும் இயலாது.

எந்தக் குழுவின் பதிவு என்ற கேள்வி இங்கே எழும். இதில் கருத்து வேறுபாடு மிகுதி. 1950-களில் வந்த பதிவுகள் பெரும்பாலும் இக்காலக் கருவிகளைக் கொண்டு, முழங்கும் நாதத்தோடு வாசிக்கப்பட்டவை. 1953-இல் வியன்னாவில் நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் ஒரு குழுவை நிறுவி, அக்காலக் கருவிகளையே தேடியெடுத்து, குடல் நரம்பு பூட்டி, அக்கால முறைப்படி வாசிக்க முற்பட்டார். பின்னர் ஆம்ஸ்டர்டாமின் குஸ்டாவ் லியோன்ஹார்ட், இங்கிலாந்தின் கிறிஸ்டஃபர் ஹாக்வுட், டிரெவர் பின்னாக் முதலியோர் இவ்வழியில் சென்றனர். இவர்கள் பதிவுகளில் சுருதி பெரும்பாலும் அரைக்கட்டை இறங்கியிருக்கும். நாதம் மெலிந்து, ஒவ்வோர் இழையும் தனித்தனியே தெரியும். இழைகளைக் கேட்டுப் பழக வேண்டியவர்க்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. பிராண்டன்பர்க் கோவைகளுக்குப் பின்னாக்கின் 'இங்கிலிஷ் கான்சர்ட்' குழுவை நாடுக. 'நான்கு பருவங்க'ளுக்கும் அக்குழுவின் பதிவு உண்டு. அதனையும், 1950-களில் 'ஈ மூஸிச்சி' என்னும் உரோமானியக் குழு ஃபெலிக்ஸ் ஆயோவின் வயலினோடு செய்த பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே கீர்த்தனையை இரு பாடாந்தரங்களில் கேட்பது போன்ற பயன் உண்டாகும். தொடக்கத்திலேயே 'எது சிறந்தது' என்ற வழக்காட்டில் இறங்குவது மட்டும் வேண்டா. அது கேட்பவரின் காலத்தைத் தின்றுவிடும்.

ஒருவரே தம்மோடு மாறுபட்ட கதையும் உண்டு. பாக் 1741-இல் வெளியிட்ட 'கோல்ட்பெர்க் வேறுபாடுகள்' என்பது ஒரு பாட்டும் அதன் அடிநாதத்தின்மேல் எழுந்த முப்பது வேறுபாடுகளுமாகும். கனடா நாட்டுக் கிளென் கூல்ட் 1955-இல் தம் இளமையில் இதனைப் பியானோவில் 38 நிமிடத்தில் வாசித்துப் பதிவு செய்தார். 1981-இல் மீண்டும் பதிவு செய்தபோது 51 நிமிடம் ஆயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு மறைந்தார். இரண்டிலும் தொடக்கப் பாட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஒரே கருவி, ஒரே நரம்பு வரிசை போதும் என்பார்க்குப் பாக்கின் தனிச் செல்லோ இசைத்தொகுதிகள் ஆறு உள்ளன. இவற்றின் ஏட்டை 13 வயதில் பார்சலோனாவில் ஒரு பழைய கடையில் கண்டெடுத்த பாப்லோ காசல்ஸ், நெடுங்காலம் பயின்று, 1936 முதல் 1939 வரை முழுமையாகப் பதிவு செய்தார். முதல் தொகுதியின் முதற்பகுதி மூன்று நிமிடங்கூட இல்லை. பழைய தட்டின் உராய்வொலி இடையே கேட்கும், பொறுத்துக்கொள்ளத் தக்கதே.

மனிதக் குரலுக்கு வரும்போது, ஆங்கிலம் அறிந்தவர்க்கு ஹாண்டலின் 'மெசையா' எளிது. 1741-இல் 24 நாளில் எழுதி முடிக்கப்பட்டு, 1742 ஏப்ரலில் டப்ளின் நகரில் அரங்கேறியது. கடன்பட்டுச் சிறையில் கிடந்தோரை மீட்கவும் மருத்துவமனைகளுக்கு உதவவும் அந்த நிகழ்ச்சியின் வருவாய் பயன்பட்டது. முழுமையும் கேட்க இரண்டரை மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்திற்கு மேல் முயல வேண்டுவதில்லை.

எல்லாவற்றிற்கும் இறுதியில் வைக்கத் தக்கது, பாக்கின் 'மத்தேயு எழுதிய பாடுகள்'. இரு பாடகர் குழு, இரு கருவிக் குழு. இரண்டே முக்கால் மணி நேரம். 1727-இல் லைப்சிக்கின் தாமஸ் கோயிலில் முதலில் பாடப்பெற்றது என்று ஆய்வாளர் கருதுவர். ஆசிரியர் மறைந்தபின் நெடுங்காலம் உலகம் இதனை மறந்திருந்தது. 1829-இல் பெர்லினில், 20 வயது இளைஞராயிருந்த மெண்டெல்சன் இதனை மீண்டும் அரங்கேற்றிய பிறகே பாக்கின் பெருமை எங்கும் பரவியது. இதனிடையே சபையார் பாடும் எளிய ஞானப்பாட்டு மெட்டுக்கள் வந்துகொண்டேயிருக்கும். அவற்றுள் கிறிஸ்துவின் காயமுற்ற திருத்தலையை நோக்கிப் பாடுவதாக அமைந்த மெட்டு ஒன்று, பெரும்பாலும் வேறு வேறு அடிநாதத்தோடு, பன்முறை திரும்பி வருகிறது. ஜெர்மன் மொழியிலிருந்து தமிழில் பெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுக்களைப் பாடும் நம் லுத்தரன் திருச்சபையார்க்கு அது புதிய மெட்டு அன்று. பெரிய வெள்ளியன்று அவர்கள் பாடிப் பழகியதே.

இப்பெரு நூலுக்குள் நுழைவதற்கும் சிறிய வாயில் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். பேதுரு தம் ஆண்டவரை மும்முறை மறுதலித்து, சேவல் கூவியதும் வெளியே சென்று மனங்கசந்து அழுகிறார். அவ்விடத்தில் தாழ்ந்த பெண்குரலுக்கு அமைந்த பாட்டு ஒன்று வருகிறது. ஏழு நிமிட அளவினது. குரல் தொடங்குமுன் ஒரு தனி வயலின் அந்த அழுகையைத் தானே அழுதுவிடுகிறது. முதல் முறை அந்த வயலினை மட்டும் கேளுங்கள். குரலையும் சொற்களின் பொருளையும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.